நாற்பதுக்கு ஒன்று

மூன்றாம் சுற்றாம்.
சரளைக் குழியின் மேட்டிலிருந்து இறங்கும்போது
சத்தம் முதலில் மெலிந்ததாம், விசில் மாதிரி.
அப்புறம் பின்சக்கரம் பூட்டிக்கொண்டதாம்.

கிளட்சைப் பிடித்திருக்க வேண்டும், என் தப்பு
என்கிறாள் கைடி.
அக்டோபர் காற்றுக்குப் பெரிய ஜெட் போட்டிருக்க வேண்டும்,
அதுவும் என் தப்பு என்கிறாள்.
நான் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.
ஏற்கெனவே துடைத்த ஸ்பானர்.

வோருவில் ஆறு மணிக்கே இருட்டிவிட்டது.
மரக்கட்டை வைத்துத் தட்டித் தட்டி
சிலிண்டரை மேலே உருவினோம்.
பாதி வழியில் நின்றது. பிறகு, மனமில்லாமல், வந்தது.

பிஸ்டனில் ஒரு பக்கம் மட்டும் கீறியிருந்தால்
ஜெட்டின் மேல் பழி போடலாம்.
இது சுற்றிலும். சாம்பல் நிறத்தில்.
கிராங்க் அறைக்குள் விரலை விட்டுப் பார்த்தேன்,
பிசுக்கே இல்லாமல் வெளியே வந்தது.
சுத்தமான விரல் மாதிரி
காட்டிக்கொடுக்கிற விரல் வேறில்லை.

மூலையில் இரண்டு கேன்கள்.
பச்சையில் எண்ணெய் கலந்தது.
சிவப்பில் கலக்காதது, புல்வெட்டும் மெஷினுக்கு.
சனிக்கிழமை எதைத் தூக்கினேன் என்று
என் கைக்குத் தெரியும்.
வாய்க்கு இன்னும் சொல்லவில்லை.

காது குடையும் பஞ்சுக்குச்சியை அமிலத்தில் நனைத்து
சுவரில் தடவினாள்.
ஒட்டிய அலுமினியம் நுரைத்துக் கரையும்,
கீழே நிக்கல் பூச்சு பிழைத்திருந்தால்
நுரை தானாக அடங்கும்.
இடப்பக்கம் அடங்கியது.
புகைவாசலுக்குக் கீழே அடங்கவில்லை.
துடைத்தாள். மறுபடி நுரை.
மறுபடி.
"இங்கே பூச்சே இல்லை, தார்வோ" என்றாள்.
நான் என்னைச் சொல்கிறாளோ என்று நிமிர்ந்தேன்.

வல்கா, தெருவின் நடுவில் நாடு மாறும் ஊர்.
லாத்வியப் பாதியில் குன்டார்ஸின் பட்டறை.
சிலிண்டரை விளக்குக்குத் தூக்கி
ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.
"வெல்டு வைத்து நிரப்பி, குடைந்து, பூசிவிடலாம்.
குடைகிறதே குடைகிறோம்,
இருநூற்றைம்பதை முந்நூறாக்கட்டுமா?
இழுவை பிய்த்துக்கொண்டு போகும்."

கைடியின் கண்கள் கொஞ்ச நேரம் முந்நூறாயின.

"பெரிசாக்கினால் எண்ணெய் கூடுதலாக வேண்டுமா?"
நான்தான் கேட்டேன்.
"அதே நாற்பதுக்கு ஒன்று" என்றார்
பிஸ்டனை உருட்டிக்கொண்டே.
"ஊற்றினால் போதும்."

பழைய அளவே இருக்கட்டும், வகுப்பு மாறிவிடும் என்றாள்.
அவள் பையைத் திறக்குமுன்
முழுப் பணத்தையும் வைத்துவிட்டேன்.
அதை அவள் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

ஐந்து வாரம். பனி விழுந்துவிட்டது.
சிலிண்டருக்குள் குறுக்கும் மறுக்குமாய்
பல் படாத மெல்லிய கீறல்கள்:
வழவழவென்றிருந்தால் எண்ணெய் தங்காதாம்.
வாசல்களின் விளிம்பெல்லாம்
ரிங் இடறாதபடி மழுக்கியிருந்தது.
பிஸ்டனுக்கும் சுவருக்கும் மயிரிழை இடைவெளி,
பேச்சுக்குச் சொல்வதல்ல, அளந்தது.

அவள் ரிங்கை இரண்டு விரலால் அமுக்கிக்கொண்டாள்.
நான் சிலிண்டரைத் தாங்கிக்கொண்டு கீழே கொண்டுவந்தேன்.
இரண்டு பேருக்கும் கை ஒழியாத நேரம்.

"அன்றைக்கு ஊற்றியது சிவப்புக் கேன்" என்றேன்.

விரலை எடுக்கவில்லை. எடுத்தால் ரிங் ஒடியும்.
"தெரியும்.
டேங்கில் எட்டிப் பார்த்தேன், நீலமே இல்லை.
அதற்குள் வரிசைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.
சின்னப் பந்தயம்தானே, தாங்கும் என்று நினைத்தேன்."

குளிரில் அவள் மூச்சு
எனக்கும் அவளுக்கும் நடுவே வெள்ளையாக நின்றது.

"இறக்கு" என்றாள்.
"கோணாமல்."

ஐந்து லிட்டருக்கு நூற்றிருபத்தைந்து மில்லி.
நான் ஊற்ற அவள் பார்த்தாள்,
அவள் குலுக்க நான் பார்த்தேன்.
நான்காவது உதையில் பிடித்தது.
கராஜ் முழுக்க நீலப் புகை,
கண் எரிகிறது, இருமுகிறோம்.
கதவு இரண்டடி தூரம்.
யாரும் போய்த் திறக்கவில்லை.